மழை பெய்தால் களனி கங்கை ஏன் கலங்குகிறது?



போன கிழமை தரம் 10 வரலாறு பாடத்தில் ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், மழ பேஞ்சா நம்மட கங்கை ஏன் பால் தேத்தண்ணி கலருல ஓடுது?" வகுப்பில் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன். பெரியவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

சிவனொளிபாத மலைப் பக்கமிருந்து வரும் மஸ்கெலி ஓயாவும், கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகின்றன. 200 வருடத்துக்கு முன் அந்த மலையெல்லாம் பெருங்காடு.

1835இல் பிரித்தானியா, இலங்கைக் கோப்பிக்கான தீர்வையை மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்குச் சமமாகக் குறைத்தது. லண்டனில் ஒரு வரி மாறியது. இங்கே மலை மொட்டையாகத் தொடங்கியது. ஆரம்பத்தில் முடிக்குரிய காணி ஏக்கர் 5 சிலிங்குக்குப் போனது. வாங்கியவர்களில் அரச அதிகாரிகளும் இராணுவ அதிகாரிகளும் இருந்தார்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, உரிமையை நிரூபிக்க முடியாத காடும் தரிசும் அரசுடையதாகக் கருதப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த கிராமத்தவனிடம் உறுதி ஏது?

காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்டார்கள். ஒரு புல்லும் முளைக்கவிடாமல் களை பிடுங்கினார்கள். வெறும் சரிவில் மழை விழ, மேல்மண் ஆற்றோடு வந்தது. 1860களிலும் 70களிலும் திக்கோயா, மஸ்கெலியா காடுகளும் போயின. கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் எச்சரித்த பிறகுதான் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது.

1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. தோட்டங்கள் நொடித்தன. 1884இல் ஓரியண்டல் வங்கியும் விழுந்தது. துரைமார் பலர் கப்பலேறினார்கள். காடு திரும்பி வரவில்லை. அதே சரிவில் தேயிலை ஏறியது.

பிள்ளைகளிடம் நான் சொன்னது இதுதான். லண்டனில் விற்ற கோப்பியின் விலைக்குள் கப்பல் கூலி இருந்தது, வட்டி இருந்தது, இலாபம் இருந்தது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் அற்பக் கூலியும் இருந்தது. கழுவிப்போன மண்ணுக்கு மட்டும் ஒரு சதமும் இல்லை. வாங்கியவன் கட்டாத அந்தக் கணக்கைத்தான் மலையில் இருப்பவர்களும் ஆற்றின் கீழே இருக்கும் நாமும் இன்னும் கட்டுகிறோம். கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் இந்தக் கங்கையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கலங்கல் கூடினால் அதைத் தெளியவைக்கும் செலவும் கூடும்.

எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட முடியாது. 2016 மே மாத வெள்ளம் நம் வீடுகளுக்குள் வந்தது மலையால் மட்டுமல்ல. சதுப்பு நிலத்தை நிரப்பியதும், கால்வாயில் குப்பை கொட்டியதும் நாம்தான்.

டொலர் வேண்டும் என்று ஓர் ஏழை நாடு எதை விற்றாலும், அதன் விலையில் எது சேரவில்லை என்று கேட்கப் பிள்ளைகள் பழக வேண்டும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், கங்கை அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதுவும் வரலாறுதான்.