மடச்சுவருக்கு வெளியே: பிறரன்புப் புதல்வியர் சபையின் தோற்றம்

17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ஏழையரின் இல்லம் நாடிச் சென்று தொண்டாற்ற விழைந்த கத்தோலிக்கப் பெண்ணுக்குத் துறவறமே தடையாக நின்றது. 1563இல் நிறைவுற்ற திரிதெந்தின் பொதுச்சங்கம் கன்னியர், மடத்தை விட்டு வெளியேறலாகாது என வலியுறுத்தியிருந்தது. நோயாளரைக் காணச் செல்வதையும் கடமையாகக் கொண்டு 1610இல் அன்னேசியில் எழுந்த விசிட்டேசன் சபை, எட்டே ஆண்டுகளில் அடைபட்ட மடமாயிற்று.

வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தே மரிலாக்கும் இதனை நன்கறிந்தவர்கள். 1633இல் பாரிசில் பிறரன்புப் புதல்வியரை ஒன்றுசேர்த்தபோது அவர்களைத் துறவியர் என்று அவர்கள் அழைக்கவில்லை. தலைவிக்குப் 'பணிச்சகோதரி' என்பது பெயர். உடையோ நாட்டுப்புறப் பெண்டிர் உடுத்திய சாம்பல்நிற ஆடை. இவற்றை வெறும் சொல்மாற்றம், உடைமாற்றம் என ஒதுக்குதல் பொருந்தாது. நோயாளியின் வீட்டிற்கு உணவுக்கலம் சுமந்து செல்லும் உரிமை இவற்றையே சார்ந்திருந்தது.

இவர்களுக்கு முன்னோடி, சுரேன் ஊரில் மாடு மேய்த்த மார்கரித் நசோ. தானே முயன்று எழுத்தறிந்து, பிறர்க்கும் கற்பித்தவர். கொள்ளைநோயுற்ற பெண்ணொருத்திக்குத் தம் படுக்கையில் இடமளித்து, சபை தோன்றிய அதே 1633இன் தொடக்கத்தில் மாண்டார்.

சபையினரின் வார்த்தைப்பாடும் வாழ்நாள் முழுமைக்குமானதன்று, ஓராண்டுக்கே உரியது. இன்றும் அவர்கள் ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கின்றனர்.