நெய்வேலி நகரியத்தில் குடும்பம், பாலினம், உழைப்பு: ஒரு வரலாற்று நோக்கு (1956–2023)

ஆய்வுச்சுருக்கம்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் வரலாறு பெரும்பாலும் நிலம், இயந்திரம், மின்சாரம், தொழிற்சங்கம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அந்த வரலாற்றில் குடும்பம் ஒரு பின்னணியாக மட்டுமே இடம்பெறுகிறது. நிலத்துக்கு ஈடான வேலை, குடியிருப்பு ஒதுக்கீடு, கருணை அடிப்படையிலான பணி நியமனம் ஆகிய மூன்றும் தனிமனிதரை அன்றிக் குடும்பத்தையே அலகாகக் கொண்டன என்பதையும், அதனால் பெண்ணின் உழைப்பும் தொழில்முயற்சியும் நல்வாழ்வும் குடும்பத்தலைவர் ஒருவரின் பெயர்வழியாகவே வரையறுக்கப்பட்டன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சட்டங்களும் நிறுவன வரலாறும் இதற்கு அடிப்படைகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, பழுப்பு நிலக்கரி, பெண் உழைப்பு, இரவுப்பணித் தடை, நில எடுப்பு, பெண் தொழில்முனைவு.

1. முன்னுரை

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1930களில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. நெய்வேலியின் தோற்றக்கதை இங்கிருந்தே தொடங்கப்படுவது வழக்கம். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே மாதத்தில் சுரங்கப்பணியைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட, 1962இல் சோவியத் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையம் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. 1980களில் இரண்டாம் சுரங்கம் செயற்பாட்டுக்கு வந்தது. 2016இல் நிறுவனம் என்.எல்.சி. இந்தியா எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இந்தக் காலவரிசையில் பெண்கள் எங்கும் தென்படுவதில்லை. அவர்கள் உழைக்கவில்லை என்பது இதற்குக் காரணமன்று. அவர்களுடைய உழைப்பைப் பதிவு செய்யும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை என்பதே காரணமாகும். நில ஆவணம் ‘பட்டா யார் பெயரில்?’ என வினவியது. பணிப்பதிவேடு ‘பணியாளர் யார்? அவரைச் சார்ந்தோர் யார்?’ என வினவியது. இவ்விரு வினாக்களுக்கும் இடையில் விடுபட்டவற்றையே இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நிலம்: பட்டாவில் இல்லாத உழைப்பு

நெய்வேலியைச் சூழ்ந்துள்ள செம்மண் நிலப்பகுதி முந்திரிக்கும் பலாவுக்கும் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைக்கும் பெயர்பெற்றது. இப்பகுதியின் வேளாண்மையில் களை பறித்தல், மல்லாட்டை ஆய்தல், முந்திரிக்கொட்டை பொறுக்குதல், உடைத்தல், கறவை மாடு பேணல் ஆகியன பெரிதும் பெண்களின் வேலைகளாகும். முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் தன்மையது. கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு உடைப்பது இத்தொழிலின் வழக்கம். ஒரு கொல்லை என்பது அதன் உரிமையாளருக்குச் சொத்து. அதில் உழைத்த பெண்ணுக்கோ அது கூலி, விறகு, மாட்டுத்தீவனம், கைச்செலவுக்கான சிறு வருவாய் என்று பலவாறு பயன்பட்டது.

1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் நிலத்தில் சட்டப்படியான உரிமை அல்லது நலன் கொண்டோரை மட்டுமே இழப்பீட்டுக்குரியோராக ஏற்றது. களை பறித்த கூலிப்பெண்ணுக்கு அதில் இடமில்லை. நிலமுடைய குடும்பத்துப் பெண்ணின் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. நிறுவனம் தோன்றிய அதே 1956ஆம் ஆண்டில்தான் இந்து வாரிசுரிமைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்கும் பங்களித்தது. ஆயினும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை ஆண்களிடமே நீடித்தது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டின் திருத்தமே மகளைப் பங்குரிமையாளர் ஆக்கியது. அதிலும் 1989 மார்ச் 25க்கு முன் மணமானவர்கள் விலக்கப்பட்டனர். நாடு தழுவிய திருத்தம் 2005இல் வந்தது.

இவ்வாண்டுகளைச் சுரங்கத்தின் காலவரிசையோடு பொருத்திப் பார்ப்பது இன்றியமையாதது. முதற் சுரங்கத்துக்கும் இரண்டாம் சுரங்கத்தின் தொடக்கக் கட்டத்துக்கும் நிலம் எடுக்கப்பட்ட காலம், மகளின் பங்குரிமை சட்டமாவதற்கு முற்பட்டது. எடுக்கப்பட்ட நிலத்தின் மீது பின்னாளைய திருத்தம் எந்த உரிமையையும் உருவாக்க இயலாது. தமிழ்நாட்டின் பிற ஊர்களில் 1989க்குப் பின் மகள்கள் கோரக்கூடிய நிலம், நெய்வேலியில் அதற்கு முன்பே சுரங்கமாகிவிட்டது.

நிலம் இழந்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்பது இப்பகுதி மக்களின் நெடுங்காலக் கோரிக்கையாகும். இதில் ‘ஒருவர்’ என்ற சொல் பாலினம் சுட்டாதது. ஆனால் ஒரு குடும்பம் ஒருவரை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில், மணமாகி வேறு வீடு செல்லவிருக்கும் மகளைவிட மகனே தேர்வுக்குரியவனாகக் கருதப்பட்டான். அத்தேர்வைக் குடும்பத்தின் மரபுசார் மனப்பான்மையாக மட்டும் விளக்கிவிட இயலாது. பின்வரும் பகுதி காட்டுவதுபோல, சட்டமும் அத்தேர்வையே அறிவுடையதாக்கியது.

3. வேலை: இரவுக்குள் நுழைய இயலாமை

நிலக்கரிச் சுரங்கத்தில் பெண் என்பது இந்திய வரலாற்றில் புதுமையன்று. ஜாரியா, ராணிகஞ்ச் வயல்களில் பெண்கள் நிலத்தடியிலும் உழைத்தனர். 1842இல் பிரித்தானியா நிலத்தடிச் சுரங்கங்களில் பெண்களுக்கு விதித்த தடை, இந்தியாவில் 1929ஆம் ஆண்டின் விதிகள்வழி படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1935இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இதற்கென ஓர் உடன்படிக்கையை இயற்றியது. போர்க்கால நிலக்கரித் தேவைக்காக 1943இல் தளர்த்தப்பட்ட தடை 1946இல் மீண்டும் விதிக்கப்பட்டது. தேவை எழும்போது நீங்கிய ஆபத்து, தேவை தீர்ந்ததும் திரும்பியது என்பதை இவ்விடத்தில் கருத வேண்டும்.

நெய்வேலியின் சுரங்கங்கள் திறந்தவெளிச் சுரங்கங்கள். எனவே நிலத்தடித் தடைக்கு இங்கு வேலையில்லை. இங்கு தீர்வு செய்தது 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவில் இருந்த மற்றொரு விதி. சுரங்கத்தின் மேற்பரப்பில் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே பெண்களைப் பணியமர்த்தலாம் என்பது அது. அனல்மின் நிலையத்துக்குப் பொருந்திய 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 66ஆம் பிரிவில் இதே நேர வரம்பை விதித்தது. சுரங்க நீரை இடைவிடாது இறைக்க வேண்டிய நெய்வேலியில், மண் அகழ்வும் மின்னுற்பத்தியும் மூன்று ஷிப்டுகளாக நடைபெறுவன. சுழற்சிமுறையில் இரவு ஷிப்டுக்கு வர இயலாத ஒருவர் சுரங்கத்தின் மையப் பணிகளுக்குரியவராக மாட்டார். இதனால் பெண்களுக்குத் திறந்திருந்தவை மருத்துவமனை, பள்ளி, அலுவலகம் ஆகியவற்றின் பணிகளும் துப்புரவு, தோட்டவேலை போன்றவையுமே.

தொழிற்சாலைகள் சட்டத்தின் இரவுத்தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் அரசமைப்புக்கு முரணானது எனக் கூறிப் பாதுகாப்பு நிபந்தனைகளுடன் நீக்கியது. சுரங்கங்களுக்கான தளர்வு 2019 ஜனவரியில்தான் வந்தது. எழுத்துவழி ஒப்புதல், மூவருக்குக் குறையாத குழு, உரிய பாதுகாப்பு ஆகிய நிபந்தனைகளுடன் திறந்தவெளிச் சுரங்கங்களில் பெண்கள் இரவில் பணியாற்ற அது இடமளித்தது. ஆக, 1957இல் சுரங்கப்பணி தொடங்கியதிலிருந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தடை நிலவியுள்ளது. நிலத்துக்கு ஈடாகக் கிடைக்கும் ஒரே வேலையை மகளுக்குக் கேட்பது, கிடைக்கக்கூடிய பணிகளில் பெரும்பகுதியைக் கைவிடுவதற்கு ஒப்பானதாக இருந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் இயற்றப்பட்ட விதி, குடும்பத்துக்குள் நிகழ்ந்த தேர்வை முன்கூட்டியே முடிவு செய்தது.

4. குடியிருப்பு: ஷிப்டின் மறுபாதி

நகரியம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அகன்ற சாலைகள், பள்ளிகள், மருத்துவமனை, அங்காடிகள் ஆகியவற்றோடு திட்டமிட்டு அமைக்கப்பட்டது. வேளாண் சிற்றூர்களிலிருந்து வந்த குடும்பங்களுக்குக் குழாய்நீரும் மின்சாரமும் மருத்துவமும் எளிதிற் கிடைத்தன. பெண்கல்வியில் நகரியப் பள்ளிகளின் பங்கு பெரிது. பெண்களின் நல்வாழ்வுக்கு நகரியம் அளித்த இந்நன்மைகளைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது.

ஆயினும் அந்நன்மைகள் அனைத்தும் பணியாளர் ஒருவரின் பெயர்வழியே குடும்பத்தைச் சென்றடைந்தன. மூன்று ஷிப்டு முறை, வீட்டில் ஒருவர் முழுநேரமும் இருப்பார் என்ற ஊகத்தின்மேல் இயங்குவது. இரவு ஷிப்டு முடிந்து வருபவர் பகலில் உறங்க வேண்டும். பிள்ளைகளின் ஓசையை அடக்குவதும், உலை வைக்கும் நேரத்தை வாரந்தோறும் மாற்றுவதும், பள்ளி நேரத்தையும் ஷிப்டு நேரத்தையும் இணக்குவதும் ஊதியமற்ற உழைப்பாகும். மின்சாரம் யூனிட் கணக்கிலும் நிலக்கரி டன் கணக்கிலும் அளக்கப்பட்டன. அவ்வுற்பத்தியைத் தாங்கிய இவ்வுழைப்பு எக்கணக்கிலும் ஏறவில்லை.

மரியா மீஸ் ஆந்திரத்தின் நரசாபூர்ச் சரிகைப் பின்னல் தொழிலாளர்களைப் பற்றி 1982இல் வெளியிட்ட ஆய்வில், உலகச் சந்தைக்கு உழைத்த பெண்கள் ‘இல்லத்தரசிகள்’ என்றே கருதப்பட்டதால் அவர்களது உழைப்பு மலிவானதைக் காட்டினார். நரசாபூர்ப் பெண்கள் சந்தைக்குரிய பொருளைச் செய்தனர்; நெய்வேலிப் பெண்கள் நாள்தோறும் ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளரை ஆயத்தம் செய்தனர். வேறுபாடு இருப்பினும், ‘இல்லத்தரசி’ என்ற பெயர் உழைப்பை மறைக்கும் முறை இரண்டிலும் ஒன்றே.

5. தொழில்முனைவு: சொந்த முகவரி இல்லாத தொழில்

தையல், தனிப்பயிற்சி, மாவரைத்தல், புடவை விற்பனை, பூக்கட்டுதல் போன்ற வீடுசார் தொழில்கள் தமிழகத்தின் எந்த நகரிலும் பெண்களின் முதல் தொழில்முயற்சிகளாக அமைவன. பணியாளர் குடியிருப்பில் இத்தகைய தொழிலுக்குத் தனித்த ஓர் இடர் உண்டு. வீடு நிறுவனத்துக்குரியது, பணியாளரின் ஓய்வோடு அதைக் காலி செய்தாக வேண்டும். அடகு வைத்துக் கடன் பெறவும் அது உதவாது. பல ஆண்டுகளாகத் திரட்டிய வாடிக்கையாளர் வட்டம், கணவரின் ஓய்வு நாளோடு கலைகிறது. தொழில் மனைவியுடையது, அதன் ஆயுளைத் தீர்மானிக்கும் பணிக்காலம் கணவருடையது.

நகரிய எல்லைக்கு வெளியே நிலைமை வேறு. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் தருமபுரியில் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம், 1991–92இல் தென்னார்க்காட்டுக்கு விரிவாக்கப்பட்டது. மாநிலத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் வேரூன்றிய பகுதிகளுள் இதுவும் ஒன்று. இக்குழுக்களில் கடனுக்கு ஈடு பட்டா அன்று, உறுப்பினரின் சேமிப்பும் குழுவின் பொறுப்பேற்புமே ஆகும். பெண் தன் பெயரிலேயே கணக்கில் இடம்பெறும் வாய்ப்பை இது உருவாக்கியது.

சிறு, குறு நிறுவனங்களிடம் கொள்முதல் செய்வதற்கான 2012ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணை, 2018இல் திருத்தப்பட்டபோது பொதுத்துறை நிறுவனங்களின் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டை இவற்றுக்கு ஒதுக்கியது. அதனுள் 3 விழுக்காடு பெண்களுக்குச் சொந்தமான நிறுவனங்களுக்குரியது. நெய்வேலி நிறுவனமும் இதற்குட்பட்டதே. எனினும் உரிமையாளர் பெயரை மட்டும் நோக்கும் இவ்விதி, தொழிலை நடத்துபவர் யார், வருவாய் யார் கையில் சேர்கிறது என்பவற்றை அளக்கவில்லை. பட்டாவில் பெண்ணின் பெயர் இல்லாததால் அவள் உழைப்பு மறைந்தது. உரிமச் சான்றில் பெயர் மட்டும் இருந்தாலும் அது மறையக்கூடும்.

6. கருணைப் பணி: இழப்பின்வழி வந்த நுழைவு

பணிக்காலத்தில் இறந்த தொழிலாளரின் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை வழங்குதல் பொதுத்துறையின் நெடுங்கால வழக்கம். 2020 மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் வெடிப்புகளின்போதும் வாரிசுக்கு வேலை என்பது முதன்மைக் கோரிக்கையாக எழுந்தது. தொழிலகத்துக்குள் பெண் நுழைவதற்கான வழிகளுள் ஒன்று கணவனை இழப்பதாக அமைந்தது இம்முறையின் முரண்.

இங்கும் குடும்பத்தின் வரையறையே பெண்ணின் உரிமையை வரையறுத்தது. கோல் இந்தியா நிறுவனத்துக்குரிய தேசிய நிலக்கரி ஊதிய ஒப்பந்தம், சார்ந்தோர் பட்டியலில் மகனையும் மணமாகாத மகளையும் சேர்த்து, மணமான மகளை விலக்கியிருந்தது. சத்தீசுகர் உயர் நீதிமன்றம் 2016இல் இவ்விலக்கைச் செல்லாது என்றது. அதே நிறுவனம் 2014இல் அறிவித்த பெண் ஊழியர்களுக்கான சிறப்பு விருப்ப ஓய்வுத் திட்டம், தாய் ஓய்வு பெற மகன் வேலை பெறும் வகையில் அமைந்தது. இவை நெய்வேலிக்குரிய விதிகள் அல்ல. ஆனால் நிலக்கரித் துறையில் வேலை எவ்வாறு குடும்பச் சொத்தாகக் கருதப்பட்டது என்பதை இவை தெளிவாக்குகின்றன. சொத்தைப் போலவே அதுவும் ஆண்வழியே இறங்கியது.

7. முடிவுரை

நிலத்தை எடுத்தபோதும் வேலையை அளித்தபோதும் வீட்டை ஒதுக்கியபோதும் குடும்பம் ஒற்றை நலன் கொண்ட ஓர் அலகாகக் கொள்ளப்பட்டது. இரவுப்பணித் தடையும் பழைய வாரிசுரிமைச் சட்டமும் அவ்வலகின் முகமாக ஆணை நிறுத்தின. பெண்ணுக்குக் குடும்பமே நுழைவாயிலாகவும் தடுப்பாகவும் அமைந்தது.

இவ்வினா பழங்கதை அன்று. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் கைம்பெண், மணமுறிவு பெற்றவர், கைவிடப்பட்ட பெண் ஆகியோரைத் தனிக்குடும்பங்களாகவும், வயதுவந்த ஒவ்வொருவரையும் பாலின வேறுபாடின்றித் தனிக்குடும்பமாகவும் ஏற்கிறது. வேளாண் கூலிகளையும் பாதிக்கப்பட்டோராகக் கொள்கிறது. 2020இல் முதல் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்துநின்ற நெல்வயலுக்குள் வாய்க்கால் வெட்டப்பட்டபோது நிலம் பற்றிய பூசல் மீண்டும் வெடித்தது. ஒருபுறம் பழைய வேலைகள் மறைய, மறுபுறம் புதிய நிலங்கள் எடுக்கப்படும் இக்காலத்தில், இழப்பீட்டுப் பட்டியலில் யாரை எண்ணுவது என்பதே முதன்மை வினாவாகிறது.

இழப்பீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்குதல், நிலமற்ற பெண்கூலிகளின் வேலைநாள் இழப்பைத் தனியே மதிப்பிடுதல், மணமான மகளையும் பணியுரிமையில் சேர்த்தல், 2019 தளர்வு ஏட்டளவில் நிற்காதிருக்க இரவுப் போக்குவரத்தையும் குழந்தைகள் காப்பகத்தையும் உறுதி செய்தல் ஆகியன இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவுகளாகும். இவற்றுக்கு முதற்படி, கணக்கெடுப்புப் படிவத்தில் ‘குடும்பத்தலைவர் பெயர்’ என்ற ஒற்றைக் கட்டத்துக்குப் பதிலாக, அந்நிலத்தில் உழைத்த ஒவ்வொருவரின் பெயருக்கும் ஒரு கட்டம் இடுவதாகும்.