வரிசையை முந்திய நிரல்

புலாவ் செபாங் ரயில் நிலையத்தின் பயணச்சீட்டு முகப்பில் முந்தி வந்தவருக்கே முதல் சீட்டு. பின்னால் வந்தவர் முண்டியடித்தால் நாலு பேர் தட்டிக் கேட்பார்கள். முகப்பு இணையத்துக்கு மாறியபோது வரிசை கண்ணுக்குத் தெரியாமல் போனது. முண்டியடிப்பவரும் தெரியாமல் போனார். இந்திய ரயில்வேயின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. பழனிக்கும் இராமேசுவரத்துக்கும் யாத்திரை செல்லும் மலேசியத் தமிழர்களுக்கும் இதில் தொடர்பு உண்டு.

கணினியில் கடவுச்சொல் 1960களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். அவரவர் கோப்பு அவரவருக்கே என்பதற்காக பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு கடவுச்சொல்லைப் புகுத்தியது. பின்னர் வந்த இணையத்தளங்களும் அதே முறையைக் கைக்கொண்டன. ஆனால், தளத்துக்கு வந்து சேருவது பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமே. அவற்றை அனுப்பியது மனித விரலா, முன்கூட்டியே எழுதி வைத்த நிரலா என்று தளத்துக்குத் தெரியாது. இந்த ஐயத்தைத் தீர்க்கவே, கோணல்மாணலான எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொல்லும் ‘கேப்சா’ சோதனையை 2000ஆம் ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினர்.

இந்திய ரயில்வேயின் ஐஆர்சிடிசி நிறுவனம் 2002ல் இணையவழிச் சீட்டு விற்பனையைத் தொடங்கியது. அவசரப் பயணிகளுக்கான ‘தட்கல்’ சீட்டு விற்பனை, பயணத்துக்கு முதல் நாள் காலையில் திறக்கும். கூட்டம் மிகுந்த தடங்களில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். 2017 டிசம்பரில், சிபிஐ எனப்படும் மத்தியப் புலனாய்வுத் துறை தன்னிடமே பணியாற்றிய உதவி நிரலாளர் ஒருவரைக் கைது செய்தது. அவர் முன்பு ஐஆர்சிடிசியில் வேலை பார்த்தவர். ‘நியோ’ என்ற நிரலை எழுதி முகவர்களுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. பயணிகளின் விவரங்களை முன்பே நிரப்பி, பல பெயர்களில் ஒரே நேரத்தில் உள்நுழைந்து, கேப்சாவையும் தாண்டிச் சீட்டெடுக்க அது உதவியதாக சிபிஐ கூறியது. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியவர் இந்த வேகத்துக்கு எப்படி ஈடுகொடுப்பார்?

தானாக உள்நுழையும் நிரல் தன்னளவில் குற்றமன்று. 2004ல் உருவான செலினியம் போன்ற கருவிகளைக் கொண்டு மென்பொருளாளர்கள் தங்கள் சொந்தத் தளங்களை அன்றாடம் சோதிக்கின்றனர். மனிதருக்காக வைத்த வரிசையில் பல முகமூடிகளோடு நிற்பதுதான் தவறு. அனுமதியின்றி இணையச் சீட்டு விற்பவருக்கும் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவு பொருந்தும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மலேசியாவிலும் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியற்ற நுழைவைத் தண்டிக்கிறது.

2025 ஜூலை 1 முதல் ஐஆர்சிடிசி தளத்தில் தட்கல் சீட்டெடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. ஆதார் இல்லாத மலேசியப் பயணிக்கு அந்த வாசல் அடைபட்டது. சில ரயில்களில் உள்ள வெளிநாட்டுச் சுற்றுப்பயணி ஒதுக்கீட்டைக் கடப்பிதழ் விவரம் கொடுத்து முன்கூட்டியே பெறுவது அவருக்கு உள்ள ஒரு வழி. வரிசையை முந்தியவர் வேறு யாரோ. அதற்கான விலையை நேர்மையாக நின்றவரும் கொடுக்க வேண்டியதாயிற்று.