இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

கணித மேதை இராமானுஜனுடைய பெயரைக் கேட்டதும் 1729 என்ற எண்ணை நினைவுகூராத தமிழர் அரியர். நாம் இன்று எடுத்துக்கொள்வது அதனினும் மிகப் பெரியதோர் எண்: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

பாலாநகர்ப் பட்டறைகளில் பற்சக்கரம் வெட்டும் நம்மவர்க்கு வகுபடும் தன்மையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு வட்டத் தகட்டை 60 சம பாகங்களாகக் குறித்துவிட்டால், அக்குறிகளைக் கொண்டே 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 பாகங்களையும் பெறலாம். 59 பாகங்களாகக் குறித்தாலோ வேறெதற்கும் பயன்படாது. 60-க்கு 12 வகுத்திகள். அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்துணை இல்லை. இங்ஙனம் தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் வகுத்திகளின் தொகையில் விஞ்சி நிற்பவையே உயர் பகு எண்கள். கிரேக்க ஞானி பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ என்ற நூலில் நகரத்தின் நிலவுடைமையாளர் தொகையை 5040 என்று வரையறுத்தது இவ்வசதி கருதியே.

1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன், இவ்வெண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். 1916-இல் அவர் பட்டம் பெற்றது இவ்வாராய்ச்சியைக் கொண்டே. அக்கட்டுரையில் 102 உயர் பகு எண்களை வரிசைப்படுத்தியுள்ளார். இறுதி எண் 6746328388800. அதன் வகுத்திகள் 10080. கணிப்பொறி இல்லாத காலம்!

அவ்வரிசையில் ஒன்று விடுபட்டது. அதுவே நம் எண்.

2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5-ஐயும் 7-ஐயும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் 293318625600 கிடைக்கும். வகுத்திகளைக் காண, ஒவ்வொரு முறைக்கும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 7×5×3×3×2×2×2×2. விடை 5040, பிளேட்டோவின் எண்ணேதான்! இதற்கு முன் நிற்கும் உயர் பகு எண்ணாகிய 195545750400-க்கு 4608 வகுத்திகள்; பின் நிற்கும் 321253732800-க்கு 5376. இடையில் இதற்குரிய இடம் ஐயமின்றி உண்டு.

இதனைச் சொன்னபோது நண்பர் ஒருவர், “இராமானுஜனிடமே குற்றம் காண்கிறீர்களோ?” என்று முகம் சுளித்தார். அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு அவர் பெயர் எவ்வளவு பெருமிதம் தருவது என்பதை நாம் அறியாதவரல்லோம். ஆயினும் அவர் கணக்கை ஒருமுறையேனும் போட்டுப் பாராமல் அவரைப் புகழ்வது நமக்கு உவப்பாயில்லை. தாளும் எழுதுகோலும் கொடுத்து, விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கும்படி நண்பரை வேண்டினோம். விடை 6746328388800, இராமானுஜன் பட்டியலின் இறுதி எண்! நண்பர் மீண்டும் ஒருமுறை பெருக்கிப் பார்த்தார்.

கழகத்தின் பணமுடையால் அக்கட்டுரையின் பிற்பகுதி அன்று அச்சேறவில்லை. இராமானுஜன் 1920-இல் மறைந்தார். எஞ்சிய பகுதி, ‘காணாமற்போன ஏடு’ எனப்படும் அவருடைய கையெழுத்துப் படிகளோடு 1988-இல் வெளிவந்தது. நிக்கோலா, ரொபேன் என்ற பிரெஞ்சு அறிஞர் இருவர் அதற்குக் குறிப்புகள் எழுதி, 1997-இல் இராமானுஜன் பெயரிலேயே தொடங்கிய கணித இதழில் வெளியிட்டனர்.