வால்வை நோக்கி நகர்ந்த தகடு

பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ஒரு வட்டத் தகடு. நடுவில் ஓர் அச்சு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அச்சு திரும்பும், தகடு சாயும், காற்று உள்ளே பாயும். பெட்ரோல் காரில் ஓட்டுபவரின் கால் ஆள்வது இந்தத் தகட்டைத்தான். எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பது உள்ளே வந்த காற்றை வைத்துப் பிறகு முடிவாகிறது. த்ராட்டில் என்று பட்டறைகளில் புழங்கும் இந்தத் தகடு, எஞ்சின் வால்வுக்கு எவ்வளவு அருகில் போய்ச் சேர்ந்தது என்பதுதான் அதன் வாழ்க்கை வரலாறு.

சாதாரணக் காரில் நான்கு சிலிண்டருக்கும் தகடு ஒன்றுதான். அதைத் தாண்டிய காற்று ஒரு பொது அறையில் நிறைந்து, அங்கிருந்து நான்கு குழாய்களாகப் பிரிகிறது. கால் அழுத்தியதும் முதலில் அந்த அறை நிறைய வேண்டும், பிறகுதான் சிலிண்டருக்குச் சேதி போகும். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனாலும் வளைவை விட்டு வெளியே வரும் வண்டியில் அந்தத் தாமதம் காலுக்குத் தெரியும்.

இதை முதலில் பொறுக்காதவர்கள் பந்தயக்காரர்கள். இத்தாலியின் பொலோனியாவில் எடோர்டோ வெபர் 1923இல் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் செய்த இரட்டைக்குழல் கார்பரேட்டர்களில், இரண்டைப் பக்கவாட்டில் பூட்டினால் சிலிண்டருக்கு ஒரு தகடு கிடைத்துவிடும். 1963இல் வந்த லோட்டஸ் கார்டினா அப்படித்தான் ஓடியது. கார்பரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தபோதும் தகடுகள் போகவில்லை. 1986இன் பிஎம்டபிள்யூ எம்3 காரில் நான்கு சிலிண்டருக்கு நான்கு. 1990இல் நிஸான் பல்ஸார் ஜிடிஐ-ஆர் என்ற குட்டி ஹேட்ச்பேக்கிலும் நான்கு. மறு ஆண்டு டொயோட்டா தன் 1587 சிசி எஞ்சினில் சிலிண்டருக்கு ஐந்து வால்வு வைத்து, நான்கு தனித்தனித் த்ராட்டிலோடு விற்பனைக்கே விட்டது. டர்போ இல்லாமல் 160 குதிரைத்திறன்! அந்த எஞ்சின்மீது எனக்குள்ள மரியாதை இன்றுவரை குறையவில்லை.

கார்களில் இது பெரும்பாலும் விலை உயர்ந்த வழக்கமாகவே நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிளில் அப்படியில்லை. நம் ஊரில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு, இருசக்கர வாகனங்களில் கார்பரேட்டரின் காலம் ஏறக்குறைய முடிந்தது. விபத்தில் நொறுங்கிப் பிரிக்கப்படும் பைக்குகளிலிருந்து இப்போது கழல்வது தகடும் அதன் குழலும் சேர்ந்த த்ராட்டில் பாடி. கோவை உக்கடம் போன்ற பழைய உதிரிபாகச் சந்தைக்கு அர்த்தம் வருவது இங்கேதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 648 சிசி, இரண்டு சிலிண்டர். ஆக, சிலிண்டருக்கு 324 சிசி, ஒவ்வொன்றுக்கும் தனித் த்ராட்டில். 2005இல் வந்த முதல் மாருதி சுவிஃப்ட் 1298 சிசி, நான்கு சிலிண்டர். அதாவது சிலிண்டருக்கு 324.5. இன்டர்செப்டர் 47 குதிரைத்திறன், இரண்டு சேர்த்தால் 94. சுவிஃப்ட் 87. இரண்டு ஜோடி த்ராட்டில் பாடியை வைத்துக்கொண்டு பழைய சுவிஃப்டைத் தட்டியெழுப்ப நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான அளவு தேடினாலும் கிடைக்காது.

ஆனால் அப்படியே பூட்ட முடியாது. பைக்கின் இரு குழல்களுக்கு இடையே உள்ள தூரம் வேறு, கார் ஹெட்டின் துளைகளுக்கு இடையே உள்ள தூரம் வேறு. பொறுப்பு முழுவதும் இடையில் வரும் மானிஃபோல்டின் தலையில் விழுகிறது. இதை யாரும் பெட்டியில் போட்டு விற்பதில்லை, பட்டறையில்தான் பிறக்க வேண்டும். அலுமினிய வார்ப்பு, லேத், மில்லிங், வெல்டிங் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் கோவை. பம்ப்செட்டும் மில் இயந்திரமும் பழக்கிய கைகள் இவை. உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி சாலையில் ஆத்துப்பாலம் தாண்டினால் குறிச்சி சிட்கோ. ஹெட் கேஸ்கெட்டை வைத்து அட்டையில் வரைந்து, ஃபிளேன்ஜ் வெட்டி, துளைகளை ஹெட்டின் துளையோடு ஓர் இழைகூடப் படி நிற்காமல் சேர்க்க வேண்டும். வெல்டிங் சூட்டில் ஃபிளேன்ஜ் வளைந்தால் மறுபடி முகம் சீவியாக வேண்டும். காற்று கசிந்தால் ஐடிலிங் ஒருநாளும் நிலையாக நிற்காது.

அடுத்தது பேலன்ஸ். நான்கு தகடுகளும் ஒரே கணத்தில் ஒரே அளவு திறக்க வேண்டும். ஐடிலிங்கில் தகடு திறப்பது மயிரிழை அளவுதான், அதில் ஒன்று பிந்தினாலும் எஞ்சின் குலுங்கும். நான்கு குழாயிலும் வேக்குவம் கேஜ் மாட்டி, திருகைத் தொட்டுத் தொட்டுச் சமப்படுத்துவதில் பொறுமையுள்ள மெக்கானிக் யார் என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு செய்தால் எவ்வளவு குதிரைத்திறன் கூடும்? கம்பெனி கேம் ஷாஃப்டை அப்படியே விட்டால் சொற்பம்தான். சத்தத்துக்காக மட்டும் இதைப் பூட்டுவது இந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து. கேமை மாற்றி வால்வைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும்போதுதான் தனித்தகடு தன் வேலையைக் காட்டும். அப்படிப்பட்ட கேமில், குறைந்த வேகத்தில், எரிந்த புகை கொஞ்சம் உள்வாங்கும் குழாய்க்குத் திரும்பும். பொது அறை இருந்தால் அது மற்ற சிலிண்டர்களையும் கெடுக்கும். தனிக்குழாயில் அந்தத் தொல்லை அந்தச் சிலிண்டரோடு நின்றுவிடுகிறது. குழாயின் நீளத்துக்கும் வேலை உண்டு. 7000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 8.6 மில்லி விநாடி. அதற்குள் ஒலி ஏறத்தாழ 3 மீட்டர் ஓடிவிடும். வால்வுக்கும் குழாய் வாய்க்கும் இடையே எதிரொலித்துத் திரும்பும் அழுத்த அலை, வால்வு மூடும் முன் வந்து சேர்ந்தால் கூடுதல் காற்றைத் தள்ளிவிட்டுப் போகும். அதனால் குழாயின் வாயில் விரியும் ட்ரம்பெட்டின் நீளத்தை அழகு பார்த்து வெட்டக் கூடாது.

கம்பெனி வைத்த எஞ்சின் கணினி, அதாவது இசியூ, இந்த எஞ்சினுக்கு உதவாது. தனிக்குழாய்களில் வேக்குவம் துடித்துக்கொண்டே இருப்பதால், தகட்டின் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்தே பெட்ரோலைத் தீர்மானிக்கும் தனி இசியூ பலருக்கும் தேவைப்படுகிறது. இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கோவை கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 410 மீட்டர் மேலே, ஊட்டி 2240. மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு, குன்னூர் என்று ஏற ஏற, காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தகட்டின் கோணம் அதை அறியாது. கோவையில் அளந்த பெட்ரோலையே ஊட்டியிலும் ஊற்றி, எஞ்சின் கரியாகப் புகையும். வளிமண்டல அழுத்தத்தை அறியும் சென்சார் ஒன்றை இசியூவோடு இணைப்பது கட்டாயம். வேக்குவத்தில் இயங்கும் பிரேக் பூஸ்டரும் இருக்கிறது. நான்கு குழாயிலிருந்தும் சிறு ஹோஸ் எடுத்து, ஒருவழி வால்வு வைத்த டப்பாவில் வேக்குவம் சேர்க்காவிட்டால் மலை இறக்கத்தில் பிரேக் மிதி கல்லாகிவிடும். உயிர் சம்பந்தப்பட்ட இந்த வேலையை ட்ரம்பெட்டுக்குப் பாலிஷ் போடும் முன்பே முடிக்க வேண்டும்.

இப்படி மாற்றிய வண்டியை மலைச்சாலைக்கு எடுத்துப் போகலாமா என்பதற்குச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. இப்படி வளர்த்த எஞ்சினுக்கு உரிய இடம் பந்தயத்தடம். கோவைக்காரர்களுக்கு அது தூரமில்லை. 1988இல் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதியை உருவாக்கிய எஸ். கரிவரதன், 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் 2003இல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்தது. கிடைத்த எஞ்சினில் பந்தயக் கார் செய்யலாம் என்று இந்த ஊருக்குக் காட்டியவர் அவர். அந்தத் தடத்தில் ஓடும் ஃபார்முலா எல்ஜிபி கார்களின் முதுகிலும் அதே 1300 சிசி சுவிஃப்ட் எஞ்சின்தான். 2.1 கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து வளைவுகள். கால் ஓயாமல் தகட்டை மூடித் திறக்கும். பட்டறையில் செய்த பேலன்ஸ் சரியா தவறா என்பது அங்கே ஒரே சுற்றில் தெரிந்துவிடும்.