கேட்பாரற்றவர்கள்: ‘குவாய் நதிப் பாலம்’ காட்டாத மனிதர்கள்

திரைப்படங்களில் இனங்கள் எவ்வாறு சித்திரிக்கப்படுகின்றன என்ற விவாதம் அண்மைக்காலத்தில் தோன்றியது எனப் பலரும் எண்ணுகின்றனர். 2015ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் ஒஸ்கார் விருதின் நடிப்புப் பிரிவுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட இருபது பேரும் வெள்ளையர்களாகவே இருந்தனர். அப்போது எழுந்த கண்டனக் குரல்கள் உலகெங்கும் ஒலித்தமை இந்த எண்ணத்துக்கு ஒரு காரணமாகலாம். ஆனால் இந்த விவாதத்தின் வயது நூறு ஆண்டுகளுக்கும் அதிகம்.

1915ஆம் ஆண்டு பெப்ரவரியில் டி.டபிள்யூ. கிரிபித் இயக்கிய ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ வெளியானது. கறுப்பின மக்களைக் காமுகர்களாகவும் மூடர்களாகவும், கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி இயக்கத்தை இரட்சகர்களாகவும் காட்டிய அந்தப் படத்துக்கு எதிராக, 1909இல் தோன்றிய கறுப்பின உரிமைச் சங்கம் நகரம் நகரமாகப் போராடியது. அதே ஆண்டு நவம்பரில், செயலிழந்து கிடந்த கிளான் இயக்கம் ஜோர்ஜியா மாநிலத்தில் மீண்டும் உயிர்பெற்றது. திரைப்படம் வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதைப் பாதிக்கப்பட்ட மக்கள் அன்றே உணர்ந்துகொண்டனர்.

இந்த விவாதத்தில் பெரும்பாலும் இரண்டு கேள்விகளே எழுப்பப்படுகின்றன. ஓர் இனத்தவரைத் திரையில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பது ஒன்று. அந்த இனத்தவரின் வேடத்தை யார் ஏற்கிறார்கள் என்பது மற்றொன்று. திரையில் அறவே காட்டப்படாமல் விடப்பட்டவர்கள் யார் என்ற மூன்றாவது கேள்வி அரிதாகவே எழுகிறது. செஸ்யூ ஹயகாவா என்ற ஜப்பானிய நடிகரின் திரைவாழ்வைப் பின்தொடர்ந்து சென்றால் இம்மூன்று கேள்விகளையும் சந்திக்கலாம். அந்தப் பாதை கடைசியில் தமிழர்களின் பெயரற்ற புதைகுழிகளுக்கு இட்டுச் செல்கிறது.

ஜப்பானியர் பர்மியரான கதை

1915 டிசம்பரில் சிசில் பி. டிமில் இயக்கிய ‘த சீற்’ என்ற மௌனப்படம் வெளியானது. அறப்பணிக்கெனச் சேர்த்த பத்தாயிரம் டொலரைச் சூதாட்டம் போன்றதொரு முதலீட்டில் இழந்துவிடும் செல்வந்த வீட்டுப் பெண் ஒருத்தி, ஜப்பானியத் தந்த வியாபாரி ஒருவரிடம் கடன் வாங்குகிறாள். அவர் அதற்கு விலையாக அவளையே கேட்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுக்க அவள் வரும்போது, பழுக்கக் காய்ச்சிய முத்திரையால் அவளது தோளில் சூடு வைக்கிறார். அந்த வியாபாரியாக நடித்தவர் ஹயகாவா.

படம் அவரை ஒரே நாளில் நட்சத்திரமாக்கியது. அதேவேளை, லொஸ் ஏஞ்சல்ஸில் வாழ்ந்த ஜப்பானியர்கள் கொதித்தெழுந்தனர். அங்கு வெளிவந்த ‘ரபு ஷிம்போ’ என்ற ஜப்பானியப் பத்திரிகை ஹயகாவாவையும் படத்தையும் கடுமையாகக் கண்டித்தது. ஜப்பானியர்கள் நிலம் வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 1913இல் கலிபோர்னியாவில் நிறைவேறியிருந்தது. ஏற்கெனவே சந்தேகத்துடன் நோக்கப்பட்ட ஒரு சமூகத்தை இத்தகைய படம் மேலும் ஆபத்தில் தள்ளும் என்ற அவர்களது அச்சம் நியாயமானதே.

1918இல் படம் மீண்டும் திரையிடப்பட்டபோது ஒரு மாற்றம் செய்யப்பட்டது. முதலாம் உலகப் போரில் ஜப்பானும் அமெரிக்காவும் அப்போது ஒரே அணியில் நின்றன. நேச நாட்டவரைக் கொடியவராகக் காட்டுவது அரசியலுக்கு உகந்ததல்ல. ஆகவே காட்சிகளுக்கு இடையே தோன்றும் எழுத்துகள் மட்டும் மாற்றப்பட்டு, ஜப்பானிய வியாபாரி பர்மாவின் ‘தந்த மன்னன்’ ஆக்கப்பட்டார். அதே நடிகர், அதே உடை, அதே அறை, அதே சூட்டுக்கோல். பெயரும் நாடும் மட்டுமே வேறு. இன்று கிடைக்கும் பிரதிகளில் இருப்பது இந்தப் பர்மியக் கதைதான்.

பர்மா ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது என்பதை ஊகிப்பது கடினமல்ல. 1918இல் பர்மா பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். அதற்கெனத் தூதுவர் இல்லை. பர்மியர்களுக்காகக் குரல் கொடுக்க லொஸ் ஏஞ்சல்ஸில் ‘ரபு ஷிம்போ’ போன்றதொரு பத்திரிகையும் இல்லை. ஜப்பானியர் முறையிட்டனர், பழி இடம் மாறியது. அது கேட்பாரற்ற இனத்தின் தலையில் போய் இறங்கியது.

வேடம் யாருக்கு?

வில்லன் வேடங்களில் சலிப்புற்ற ஹயகாவா 1918இல் தமது சொந்தப் படநிறுவனத்தை ஆரம்பித்தார். ஆசியர்களை மனிதர்களாகக் காட்டும் கதைகளைத் தயாரித்து, மனைவி சூரு அவோகியுடன் தாமே நடித்தார். 1919இல் வெளியான ‘த டிராகன் பெயின்டர்’ அவற்றுள் ஒன்று. ஆனால் 1922இல் அவர் ஹொலிவூட்டை விட்டு வெளியேறினார்.

அவருக்குப் பின்னர் வந்த ஆசிய நடிகர்களின் நிலை எத்தகையது என்பதற்கு அனா மே வொங்கின் அனுபவம் சான்று. லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன வம்சாவளி நடிகையான இவர், சீன விவசாயக் குடும்பத்தின் கதையான ‘த குட் ஏர்த்’ (1937) படத்தின் நாயகி வேடத்தை எதிர்பார்த்திருந்தார். நாயகனாக போல் முனி என்ற வெள்ளையர் தெரிவாகியிருந்தார். வேற்று இனத்தவர்களிடையே காதலைக் காட்டுவதற்கு அக்கால ஹொலிவூட்டின் ஒழுக்கக் கோவை இடந்தரவில்லை. எனவே சீனப் பெண்ணாக நடிக்கும் வாய்ப்பு ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெயினருக்குச் சென்றது. அதற்காக அவர் ஒஸ்கார் விருதும் பெற்றார். கணவனை வசீகரிக்கும் இரண்டாந்தாரத்தின் வேடம் வொங்குக்குத் தரப்பட முன்வந்தபோது அவர் அதனை மறுத்துவிட்டார்.

கித்துல்கலயில் எழுந்த பாலம்

நீண்ட காலம் ஐரோப்பாவில் வாழ்ந்த ஹயகாவா, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மீண்டும் ஹொலிவூட் படங்களில் தோன்றினார். ‘குவாய் நதிப் பாலம்’ (1957) படத்தில் ஏற்ற சிறைமுகாம் தளபதி சைட்டோவின் வேடமே அவருக்கு அழியாப் புகழைத் தந்தது. டேவிட் லீன் இயக்கிய அந்தப் படத்தின் பெரும்பகுதி இலங்கையில் படமாக்கப்பட்டது. களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலயில் பாலம் கட்டப்பட்டு, 1957 மார்ச்சில் உண்மையான ரயிலோடு தகர்க்கப்பட்டது. அன்றைய பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் அதனைப் பார்வையிட்டார். பாலத்தின் அத்திவாரங்களைக் காண உல்லாசப் பயணிகள் இன்றும் அங்கு செல்கின்றனர்.

1958 மார்ச்சில் அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்றது. சிறந்த துணை நடிகர் விருதுக்கு ஹயகாவாவின் பெயர் பரிந்துரைக்கப்பட்டபோதிலும் அது ‘சயனோரா’ படத்தின் ரெட் பட்டன்ஸுக்குக் கிடைத்தது. அதே ‘சயனோரா’வில் நடித்த மியோஷி உமெக்கி, நடிப்புக்காக ஒஸ்கார் பெற்ற முதல் ஆசியப் பெண்ணானார். அதே படத்தில் ஜப்பானிய கபுக்கி நடிகராகத் தோன்றியவரோ மெக்சிக்கோவில் பிறந்த ரிக்கார்டோ மொன்டல்பான். அன்றைய ஹொலிவூட்டின் முரண்பாடு முழுவதும் இந்த ஒரு படத்துக்குள் அடங்கிவிடுகிறது.

பாலம் கட்டியவர்கள் யார்?

படம் சொல்லும் கதையை வாசகர்கள் அறிவர். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படையினர் காட்டுக்குள் பாலம் கட்டுகின்றனர். அவர்களது கேணல், எதிரிக்காகக் கட்டுகிறோம் என்பதையே மறந்து அதில் பெருமை கொள்கிறார். பாலத்தைத் தகர்க்க வரும் கொமாண்டோக்களுக்குச் சுமை தூக்கும் சில சயாமியப் பெண்களும் கிராமத்தவர்களும் வருகின்றனர். ரயில் பாதை அமைத்த ஆசியத் தொழிலாளர் கூட்டம் மட்டும் படத்தில் இல்லை.

உண்மையில் நடந்தது வேறு. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த தமது படைகளுக்குக் கடல்வழி பாதுகாப்பற்றது எனக் கண்ட ஜப்பானியர், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீற்றர் ரயில் பாதையை அமைக்க முற்பட்டனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபரில் முடிந்தது. இதில் ஈடுபடுத்தப்பட்ட போர்க்கைதிகள் 60,000க்கும் அதிகம். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் தொகையோ ஏறத்தாழ இரண்டு இலட்சம். இறந்தவர்கள் சுமார் 90,000 பேர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு.

அவர்கள் பர்மியர், யாவானியர், மலாயர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களுள் பெரும்பான்மையினர் இறப்பர் தோட்டத் தமிழர்கள். போர் வந்ததும் இறப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமற் போயின. நல்ல சம்பளம், குறுகிய கால ஒப்பந்தம் என்ற வாக்குறுதிகளை நம்பி முதலில் சிலர் சென்றனர். பின்னர் ஆட்கள் வலுக்கட்டாயமாகப் பிடிக்கப்பட்டனர். இலவசமாகப் படம் காட்டுவதாக அறிவித்து, கொட்டகை நிறைந்ததும் கதவுகளைப் பூட்டி ஆட்களை ரயிலேற்றினார்கள் என்ற செய்தியும் அக்கால நினைவுகளில் உண்டு.

போர்க்கைதிகளும் சொல்லொணாத் துன்பம் அனுபவித்தனர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தனர். தம்மோடு சிறைப்பட்ட மருத்துவர்கள் இருந்தனர். இறந்தவரின் பெயரைக் குறித்துவைக்க ஓர் இராணுவ ஒழுங்கு இருந்தது. தோட்டத்திலிருந்து மனைவி மக்களோடு வந்த தொழிலாளிக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம்கள் முழுமையாக அழிந்தன.

இங்கு வேறொரு முரணும் உண்டு. படத்துக்கு மூலமான நாவலை 1952இல் எழுதிய பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர், போருக்கு முன்னர் மலாயாவின் இறப்பர் தோட்டங்களில் பணியாற்றியவர். தமிழ்த் தொழிலாளர்களை அவர் அறியாதவரல்லர். படம் எடுக்கப்பட்ட இடமோ அவிசாவளையிலிருந்து ஹற்றன் செல்லும் வீதியில் உள்ளது. அவ்வீதி வழியே மேலேறிச் சென்றால் தேயிலைத் தோட்டங்கள். மலாயாவுக்குச் சென்றவர்களைப் போலவே தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டு, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தமிழர்கள் அங்கு வாழ்ந்தனர். சயாமில் மாண்ட தமிழர்கள் அவர்களுக்கு மிக அருகிலேயே எடுக்கப்பட்ட படத்தில் இடம்பெறவில்லை.

முறையிட்டவர்களும் முறையிடாதவர்களும்

படம் வெளிவந்தபோது எதிர்ப்பு எழவில்லை என்று கூறமுடியாது. பிரித்தானியக் கேணல் எதிரிக்கு ஒத்துழைப்பதாகக் காட்டியதை முன்னாள் போர்க்கைதிகள் ஆட்சேபித்தனர். உண்மையில் அங்கு கைதிகளின் தலைவராக இருந்த பிலிப் டூசி, தம்மால் இயன்றவரை வேலையைத் தாமதப்படுத்தியவர். சிங்கப்பூரில் சரணடைந்த தளபதி பேர்சிவல் முன்னின்று நடத்திய எதிர்ப்பின் பயனாக, இது கற்பனைக் கதை என்ற அறிவிப்பு திரையில் சேர்க்கப்பட்டது. தமது பொறியியலாளர்களைத் திறமையற்றவர்களாகக் காட்டியதாக ஜப்பானிய ரசிகர்கள் சிலரும் மனம் வருந்தினர். கம்யூனிஸ்ட் என்ற குற்றச்சாட்டினால் பெயர் மறைக்கப்பட்ட கார்ல் போர்மன், மைக்கேல் வில்சன் ஆகிய திரைக்கதாசிரியர்களுக்கும் அவர்கள் மறைந்த பின்னர், 1980களில், உரிய ஒஸ்கார் வழங்கப்பட்டது.

ஆக, முறையிட்டவர்கள் யாவருக்கும் ஏதோவொரு வகையில் நியாயம் கிடைத்தது. தோட்டத் தமிழன் முறையிடவில்லை. முறையிட அவனுக்குத் தளபதியும் இல்லை, சங்கமும் இல்லை, ஆங்கிலப் பத்திரிகையும் இல்லை. மலாயாவில் எழுதுவினைஞர்களாகவும் புகையிரத உத்தியோகத்தர்களாகவும் இருந்த யாழ்ப்பாணத்தவர்களைப் பற்றி, மலாயன் பென்ஷனியர்களைப் பற்றி, நம்மிடையே கதைகள் ஏராளம். அதே நாட்டில் பால் வெட்டியவர்களின் கதையை நாமும் அதிகம் பேசியதில்லை.

அது ஒரு பிரித்தானிய அதிகாரியின் அகங்காரத்தைப் பற்றிய கற்பனைக் கதைதானே, எல்லோரையும் அதில் காட்டவேண்டுமா என்று கேட்கலாம். தனியொரு படத்தைப் பொறுத்தவரை இவ்வாதம் சரியே. கலைஞனின் தெரிவுக்கு இடமுண்டு. ஆனால் அந்தப் படம் ஒரு வரலாற்றின் இடத்தையே பிடித்துக்கொண்டது. மே குளோங் ஆற்றின் மீதே உண்மையான பாலம் இருந்தது. குவாய் நதியைத் தேடிவந்த பயணிகளுக்காக 1960இல் அந்த ஆற்றின் அப்பகுதிக்குக் குவாய் யாய் எனப் பெயர் சூட்டப்பட்டது. நதியின் பெயரையே மாற்ற வல்லதொரு படம், அங்கு மாண்டவர்கள் யார் என்ற உலகின் எண்ணத்தை மாற்றியதில் வியப்பில்லை. ‘த ரெயில்வே மான்’ (2013) போன்ற பிற்காலப் படங்களும் போர்க்கைதிகளின் கதையையே கூறின.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான மயானம் இருக்கிறது. ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக, பசும்புல்லின் நடுவே பராமரிக்கப்படுகின்றன. அதே ஊரில் 1990இல் கரும்புத் தோட்டமொன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்படுகிறது. அவற்றுள் ஒன்றுக்கேனும் பெயர் கிடையாது.

மௌனம் முற்றிலும் கலையாமலும் இல்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலையும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்ற நாவலையும் எழுதினர். உயிர்தப்பி மீண்ட முதியவர்களின் வாக்குமூலங்கள் ஆவணப்படமாகப் பதிவாகியுள்ளன. 2023இல் காஞ்சனபுரியில் தமிழர்களின் நினைவாக ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டது.

ஆனால் நாவலும் நடுகல்லும் எட்டாத தூரத்துக்குத் திரைப்படம் எட்டும். உலகில் ஆண்டுதோறும் மிக அதிகமாகப் படம் எடுக்கும் மொழிகளுள் தமிழும் ஒன்று. அதற்கான பணமும் கலைஞர்களும் ரசிகர்களும் நம்மிடம் உண்டு. இருந்தும், பல பத்தாயிரம் தமிழர்கள் மாண்ட இந்த வரலாறு தமிழ்த் திரையின் மையத்துக்கு இன்னும் வரவில்லை. ஹொலிவூட் நம்மைக் காட்டவில்லை என்று குறைகூறுவதில் நியாயமுண்டு. அந்தக் குறையை 1957இல் கூறியிருந்தால் அது முழு நியாயமாக இருந்திருக்கும். இன்று அதில் பாதிப் பொறுப்பு நம்முடையது.