ஹைதராபாத்தில் மார்ச்சில் வீட்டுத் தோட்டம்: விதை வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண்கள்

யுகாதி நெருங்கும்போது ஹைதராபாத் நர்சரிகளில் கூட்டம் சேர ஆரம்பிக்கும். மாம்பூ, வேப்பம்பூ, வெயில் இன்னும் கொளுத்தாத காலை நேரம். பால்கனியில் நாலு தொட்டி வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். இணையத்தில் தேடினால் வரும் பெரும்பாலான குறிப்புகளும் 'வசந்த காலத்தில் தொடங்குங்கள்' என்றுதான் சொல்கின்றன.

ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் குறிப்புகள் பனி உருகி வசந்தம் வரும் ஊர்களுக்கானவை. அங்கே வசந்தத்துக்குப் பிறகு வருவது இதமான கோடை. இங்கே மார்ச்சில் சராசரி அதிகபட்ச வெப்பம் சுமார் 35 டிகிரி, ஏப்ரலில் 38, மே மாதம் 40-ஐ ஒட்டி. மழை வர ஜூன் இரண்டாம் வாரம் ஆகும். அதாவது, மார்ச்சில் நீங்கள் ஊன்றும் விதை வளர்ந்து பூக்கும் நேரத்தில் வருடத்தின் மோசமான வெயில் காத்திருக்கும்.

அப்படியானால் மார்ச்சில் தொடங்கவே கூடாதா? தொடங்கலாம். ஆனால் தக்காளியோடு வேண்டாம்.

தக்காளி ஏன் ஏமாற்றுகிறது?

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது தக்காளி நாற்றுதான். பகலில் 35 டிகிரிக்கு மேல், இரவில் 22-க்கு மேல் வெப்பம் தொடர்ந்தால் தக்காளியின் மகரந்தம் ஒழுங்காக வேலை செய்யாது. பூ பூக்கும், உதிரும், காய் பிடிக்காது. ஹைதராபாத்தில் ஏப்ரல் இரவுகளே 24 டிகிரியை ஒட்டி இருக்கும். செடி பச்சைப் பசேல் என்று நிற்கும். நீங்கள் உரம் குறைவோ, தண்ணீர் குறைவோ என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். தப்பு உங்கள் மீது இல்லை, மாதத்தின் மீது. கொத்தமல்லியும் இப்படித்தான்: சூடு ஏறியதும் இலையை விட்டுவிட்டுப் பூவுக்குப் போய்விடும்.

வெயிலைத் தாங்குபவை வேறு. வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, புளிச்சகீரை, கொடிப்பசலை. விதைக் கடையில் இவற்றைத் தெலுங்கில் கேட்டால் சுலபம்: பெண்டகாய, கோருசிக்குடு, தோட்டகூர, கோங்கூர, பச்சலிகூர. தண்டுக்கீரை 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். வெண்டை 45, 50 நாளில் காய்க்கும். கொடிப்பசலையை மேற்குப் பக்கக் கம்பியில் ஏற்றிவிட்டால் மற்ற தொட்டிகளுக்கு நிழலும் ஆச்சு. விதையை அடுத்த வருடத்துக்கும் எடுத்து வைக்க நினைத்தால் 'எஃப்1' என்று அச்சிட்ட கலப்பினப் பாக்கெட்டைத் தவிர்த்து நாட்டு ரகம் கேளுங்கள். கலப்பினத்தின் விதை தாய்ச்செடி மாதிரியே வளரும் என்று நம்ப முடியாது.

மொட்டைமாடியில் எத்தனை பை வைக்கலாம்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875, ஆட்கள் ஏறி நடக்கும் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ கூடுதல் பாரத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஈரமான செம்மண் ஒரு கன மீட்டர் சுமார் 1,700 கிலோ. தளத்தில் நேராக ஒரு அடி உயரத்துக்கு மண் கொட்டி பாத்தி கட்டினால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டிவிடும். மூன்று மடங்குக்கும் மேல்!

பையிலும் கணக்கு உண்டு. ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள வட்டப் பையில் சுமார் 21 லிட்டர் கொள்ளும். முழுக்க மண் நிரப்பினால் ஈரத்தோடு 36 கிலோ. சதுர மீட்டருக்கு நாலு பைதான் வைக்கலாம். மண், மக்கிய உரம், தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சம அளவில் கலந்தால் எடை கணிசமாகக் குறையும், வேரும் மூச்சு விடும். பைகளை நடுத்தளத்தில் குவிக்காமல், கீழே உத்தரமும் சுவரும் இருக்கும் ஓரங்களில் வையுங்கள். பழைய கட்டடம் என்றால் ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். அபார்ட்மென்ட் என்றால் சங்கத்தின் அனுமதியும் தேவைப்படலாம். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் ஊறிய பிறகு பேசுவதைவிட முதலிலேயே பேசுவது நல்லது.

தண்ணீர்: 'நிலைத்தன்மை' இங்கேதான் சோதிக்கப்படும்

ஹைதராபாத் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு கிருஷ்ணா, கோதாவரியிலிருந்து 100 கி.மீ.க்கும் மேல் பயணித்து வருகிறது. நாகார்ஜுனசாகர் அணையின் முழு நீர்மட்டம் 590 அடி, சுமார் 180 மீட்டர். நகரம் இருப்பதோ கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேல். உங்கள் குழாயில் வரும் கிருஷ்ணா தண்ணீர் 300 மீட்டருக்கு மேல் மின்சாரத்தால் தூக்கப்பட்டது. அதை மதியம் பன்னிரண்டு மணிக்குச் செடிக்கு ஊற்றி ஆவியாக விட்டால் அதைப் பசுமைத் தோட்டம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

கோடையில் ஒரு பைக்கு நாளுக்கு 2 லிட்டர் என்று வைத்தால், 20 பைக்கு 40 லிட்டர், மாதம் 1,200 லிட்டர். போர்வெல் வற்றி டேங்கரை நம்பியிருக்கும் கொண்டாபூர், மாதாபூர் பக்கத்து அபார்ட்மென்ட்களில் இது சின்ன விஷயம் இல்லை. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் பிடியுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு அதிகம். அதை மட்டுமே ஊற்றினால் மண் கெடும், ஏ.சி. தண்ணீரோடு கலந்து ஊற்றலாம். காலை ஏழு மணிக்குள் ஊற்றுங்கள், மண்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகு பரப்புங்கள், ஏப்ரலில் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மூன்றும் செய்தாலே தேவை கண்கூடாகக் குறையும்.

சருகுக்கு எங்கே போவது? வெளியே பாருங்கள். நம் ஊர் மரங்கள் இலையுதிர்ப்பது பிப்ரவரி, மார்ச்சில்தான். காலையில் பெருக்கிக் குவித்து, பல இடங்களில் எரித்தும் விடுகிறார்கள். ரெண்டு சாக்கு கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு, துளை போட்ட வாளி, வாரம் ஒருமுறை கிளறல். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம்.

காய்கறிச் செலவு குறையுமா?

பெரிதாகக் குறையாது. ஹைதராபாத் தார்னாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (நம்ம குன்னூரில் பிறந்து 1958-ல் இங்கே வந்தது) 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் காய்கறி, கீரை வேண்டும். நாலு பேர் வீட்டுக்கு மாதம் 48 கிலோ. ஒரு சதுர மீட்டரில் ஒரு மாதத்தில் தண்டுக்கீரை சுமார் ஒரு கிலோ வரலாம். பால்கனி ரைத்து பஜாருக்கு மாற்று ஆகாது. ஆனால் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், வாரம் ஒருநாள் கீரை என்று இலக்கு வைத்தால் ஏமாற்றம் இருக்காது. ஆறு பை போதும், முதல் வருடத்துக்கு.

மார்ச்சில் போடும் சருகு உரம் ஜூனில் மக்கித் தயாராக இருக்கும், மழையும் அப்போது வந்திருக்கும். தக்காளி விதையை அதுவரை எடுத்து வையுங்கள்.